வெறுங்கையோடு வா, தம்பி

புதுக்கோட்டை மாவட்டம்
16.02.2025

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் அப்பத்தாவும் நலம். வியாழக்கிழமை திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஏறும் மேலவீட்டுச் சித்தப்பா கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். தொலைபேசியிலேயே சொல்லக்கூடிய செய்திதான். ஆனால் இப்போதெல்லாம் நான் பேசத் தொடங்கும்போதே யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி நீ வைத்துவிடுகிறாய். எழுதினால் முழுவதையும் சொல்லி முடிக்கலாம் என்று தோன்றியது. நீயும் ஓய்வாக இருக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

நம் பள்ளியின் ஆண்டு விழா மார்ச் 21, வெள்ளிக்கிழமை மாலை நடக்கிறது. அன்றைக்கே ஊரார் கல்விச் சீர் கொண்டுவருவதாகவும் முடிவாகியிருக்கிறது. நம் மாவட்டத்தில் பல பள்ளிகளில் சில வருடங்களாகவே நடந்துவரும் வழக்கம்தான் என்றாலும், நம் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு இதுவே முதல் முறை என்பதால் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு மாதமாக இதே பேச்சுதான். பிள்ளையார் கோவிலில் எல்லோரும் கூடி, மேளத்தோடு கிளம்பி, தாம்பாளங்களை ஏந்திக்கொண்டு கீழத்தெரு வழியாகப் பள்ளி வாசலுக்கு வருவார்கள். நானும் என்னோடு பாடம் எடுக்கும் டீச்சரும் பிள்ளைகளும் சந்தனம், குங்குமம், கற்கண்டு வைத்துக்கொண்டு வாசலில் நின்று அவர்களை வரவேற்க வேண்டும். ஒரு கல்யாண வீட்டுக்குத் தாய்மாமன் சீர் வருவதைப்போல ஊரே பள்ளிக்கு வரப்போகிறது.

கீழத்தெருக்காரர்கள் சேர்ந்து ஓர் இரும்புப் பீரோ வாங்கியிருக்கிறார்கள். தச்சுப்பட்டறை மாமா பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதுவதற்குக் குட்டையான சாய்மேசைகள் செய்துகொண்டிருக்கிறார். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எவர்சில்வர் தட்டுகளும் குடங்களும் எடுத்திருக்கிறார்கள். வடக்குத்தெரு அப்பத்தாவை உனக்கு நினைவிருக்கும். 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, நான் சைக்கிள் பழகிக்கொண்டு இரவு வகுப்பெடுக்கப் போன காலத்தில், என்னிடம் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர் அவர். இரண்டு சிலேட்டுகளும் ஒரு பெட்டி சாக்பீஸும் கொண்டுவரப்போகிறாராம். அவருடைய தட்டுதான் ஊர்வலத்தில் முதலாவதாக வர வேண்டும் என்று குழுவில் நான் சொன்னேன். பீரோ வாங்கியவர்கள் உட்பட ஒருவரும் மறுக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், ஆடி மாதத்தில் வடகாடு, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து நடப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. அங்கே இலையில் சாப்பிட்டு எழுந்ததும் நோட்டில் பெயரும் தொகையும் ஏறிவிடும். வாங்கியதை ஒரு நாள் திருப்பிச் செய்தாக வேண்டும். பள்ளிச் சீருக்கு அந்த நோட்டு கிடையாது. யார் என்ன கொடுத்தார்கள் என்று மேடையில் வாசிக்கவும் போவதில்லை. இதை நான் குழுவில் உறுதியாகச் சொல்லித் தீர்மானமாகவே எழுதிவிட்டோம். கொடுக்க இயன்றவர்கள் கொடுக்கட்டும், இயலாதவர்கள் கூடவே நடந்து வரட்டும். கூட நடந்து வருவதும் சீர்தான்.

போன முறை வந்திருந்தபோது பள்ளிக்குப் பெரிய தொலைக்காட்சி ஒன்று வாங்கித் தருவதாகப் பிள்ளைகள் முன்னால் நீ சொன்னாய். அது இனித் தேவையில்லை, தம்பி. அரசே திறன்மிகு வகுப்பறை அமைத்துக் கொடுத்துவிட்டது. எங்களுக்குக் கைக்கணினியும் வந்துவிட்டது. இருக்கிற ஒரு சுவரில் இன்னொரு திரையை மாட்ட இடமும் இல்லை. பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அவர்கள் தொலைக்காட்சியை மறந்துவிட்டார்கள், நீ மாமரத்தடியில் வைத்துக் கற்றுக்கொடுத்த காகிதப் பறவையைத்தான் மறக்கவில்லை. ஆகவே அதை மனதில் வைத்துக்கொண்டு எதற்கும் பணம் புரட்ட வேண்டாம். எங்களுக்காகவும் எதுவும் வாங்க வேண்டாம். கோடாலித் தைலம் அப்பத்தாவிடம் இன்னும் நான்கு புட்டி இருக்கிறது. வெறுங்கையோடு வா.

காலையில் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்றுதான் சொல்லுவாய். இங்கே திங்கட்கிழமை இறைவணக்கத்தில் ஒரு பிள்ளையாவது தலை சுற்றி உட்கார்ந்துவிடுவதை நான் வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். 2023 ஆகஸ்ட் 25 முதல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு அந்தக் காட்சியே இல்லை. சுயஉதவிக் குழுப் பெண்கள் விடியுமுன்பே வந்து அடுப்பு மூட்டிவிடுகிறார்கள். புதன்கிழமை பொங்கலும் சாம்பாரும் என்றால், மணி அடிப்பதற்கு வெகு முன்னதாகவே பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். வேலை இருந்தாலும், ஓய்வாக இருக்க நேர்ந்தாலும், காலையில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் வெளியே கிளம்ப வேண்டும். பசியோடு எடுக்கும் முடிவு சரியாக வராது, பெரியவர்களுக்கும் அப்படித்தான்.

உன்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த கீழவீட்டுப் பையன் தைப் பூசத்துக்கு ஊருக்கு வந்தவன் இன்னும் திரும்பிப் போகவில்லை. பள்ளி வாசலில் ஒரு நாள் என்னைப் பார்த்துவிட்டு நின்று பேசினான். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டேன்; இருக்கிறான் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்ததைப் பற்றிப் பேசத் தொடங்கினான். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். எந்தக் கேள்விக்கு அவன் தரையைப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும். விழாவுக்குப் பந்தல் போடும் வேலையை இப்போது அவன்தான் எடுத்துச் செய்கிறான். ஊரில் யாரும் அவனை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. அவனுடைய அம்மா முகத்தில் வெளிச்சம் வந்திருக்கிறது.

எனக்கு இங்கே உள்ள பெரிய கவலை சேர்க்கைதான். இப்போது ஐந்து வகுப்பிலும் சேர்த்து 43 பிள்ளைகள். அவர்களில் 11 பேர் ஐந்தாம் வகுப்பு முடித்து ஜூனில் நடுநிலைப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்கள் என்பதால் உடனே ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் பிள்ளையார் கோவில் முன்னால் காலையில் வந்து நிற்கும் தனியார் பள்ளி வேன்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. மார்ச் 1 முதல் சேர்க்கை தொடங்க வேண்டும் என்பதால் நானும் டீச்சரும் சாயங்காலத்தில் வீடு வீடாகப் போகிறோம். அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு என்று எடுத்துச் சொன்னால், அதற்கெல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால் போதுமே டீச்சர் என்று பெற்றோர் திருப்பிச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. தொடக்கப் பள்ளிக்கென்று கையில் காட்டுவதற்கு எங்களிடம் படிக்கத் தெரிந்த பிள்ளைகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

அதனால்தான் விழாவில் பேச்சைக் குறைத்துப் பிள்ளைகளை வாசிக்கவைக்கத் தீர்மானித்திருக்கிறேன். வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் வந்திருக்கின்றன. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ‘நட’ நிலைக் கதை ஒன்றை ஆளுக்கு ஒரு பக்கமாக வாசிப்பார்கள். கூட்டத்திலிருந்து யார் வேண்டுமானாலும் எழுந்து எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் வாசிக்கச் சொல்லலாம். எண்ணும் எழுத்தும் வகுப்பில் போன ஆடியில் அரும்பு நிலையில் இருந்த ஒரு பெண் பிள்ளை இப்போது மலர் நிலைக்கு வந்துவிட்டாள். அவளுடைய அப்பாவும் வெளிநாட்டில்தான் இருக்கிறார். அவர் தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம் ஒரு கதையை வாசித்துக் காட்டுவாளாம். இப்போது அவர் எப்போது கூப்பிடுவார் என்று புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். கலைத் திருவிழாவில் பரிசு வாங்கிய கும்மியும் உண்டு. ஒரு சிலம்பமும் உண்டு. அதற்கு இன்னும் கம்பு வரவில்லை.

பள்ளிக்காக நீ செய்ததை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை என்று நினைக்காதே. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது, நம் தோப்பில் விழுந்த தென்னையை எண்ணிக்கொண்டு அப்பா வரப்பில் உட்கார்ந்திருந்தார். நீ நண்பர்களைக் கூட்டிக்கொண்டு பள்ளிக் கூரைமேல் ஏறி, ஓடு போன இடத்தையெல்லாம் தார்ப்பாயால் மூடினாய். சேர்க்கைப் பதிவேடு நனையாமல் இருப்பது உன்னால்தான். அதில் உன் பெயரும் அப்பாவின் பெயரும் இருக்கின்றன. அதற்குப் பிறகு தோப்பை நிமிர்த்துவதற்காகவே நீ வெளிநாடு போனாய் என்பதையும் நான் அறிவேன். அப்பாவும் அறிவார், அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். புதிதாக வைத்த கன்றுகளில் பாதி இப்போது பாளை விடத் தொடங்கிவிட்டன. வீட்டுக் கடன் என் சம்பளத்திலேயே கழிகிறது. வங்கிப் புத்தகத்தை நாங்கள் எடுத்துப் பார்ப்பதே இல்லை. எந்த மாதம் எது வந்தது, எது வரவில்லை என்று இந்த வீட்டில் யாரும் பேசுவதும் இல்லை.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குக் குறைதான், அதையும் எழுதிவிடுகிறேன். மாட்டுப் பொங்கலன்று அக்கா குடும்பத்தோடு வந்திருந்தபோது, எல்லோரும் உன் அழைப்புக்காகக் காத்திருந்தோம். அப்பத்தா சாப்பிடாமல் இரவு வரைக்கும் திண்ணையில் இருந்தார். பேசுவதற்கு நல்ல செய்தி இருந்தால்தான் வீட்டுக்குப் பேச வேண்டும் என்று நாங்கள் உன்னை வளர்க்கவில்லை. மற்றவர் பிள்ளைகளுக்கெல்லாம், கணக்கு தப்பானாலும் சிலேட்டை மறைக்காதே, என்னிடம் கொண்டுவா என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் பிள்ளைக்கும் அதையே சொல்கிறேன்.

சாப்பிடு. யாரிடமும் வட்டிக்கு வாங்காதே. விமானச் சீட்டை நான் இங்கிருந்தே போடச் சொல்கிறேன். கடவுச்சீட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினால் போதும், மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார். திரும்பிப் போகும் சீட்டையும் சேர்த்துப் போட வேண்டுமா என்று நீயே சொல்லிவிடு. இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். அப்பாவுக்கும் சம்மதம் என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உனக்கு இங்கே வேலையும் வைத்திருக்கிறேன். போன ஆண்டு பள்ளி மேலாண்மைக் குழுவை மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. அதனால் விழாவில் முன்னாள் மாணவர்கள் சார்பில் ஒருவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்து வழியனுப்ப வேண்டும் என்று குழுவில் பேசினோம். உன் பெயரைச் சொன்னது நான் இல்லை, தச்சுப்பட்டறை மாமா. கூரையில் ஏறியவன்தான் கொடுக்க வேண்டும் என்றார். புத்தகங்களை ஏற்கெனவே வாங்கிவிட்டோம்.

அழைப்பிதழ் 28ஆம் தேதி ஆலங்குடியில் அச்சுக்குப் போகிறது. அதற்குள் உன் பெயரைப் போடலாமா வேண்டாமா என்று எனக்குச் சொல். பள்ளி விட்டு நான் வீடு வர ஐந்து மணி ஆகிவிடும். அதற்குப் பிறகு எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா