குடியை மட்டும் குற்றம் சொல்லாதே

செல்லூர், மதுரை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்து நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். வெயில்தான் ஆளைக் கொல்கிறது.

கடைசிப் பக்கத்தில் உன் அண்ணன் மகளை மேலூரில் அவள் புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. "மாப்பிள்ளை குடியை விட்டுட்டா எல்லாம் சரியாயிடும்" என்று அண்ணி சொல்கிறாராம். அதை நம்பிக்கொண்டு பெண்ணை மேலூரிலேயே விட்டுவைக்காதீர்கள், செல்வி. குடி கிடைக்காத காலத்தில் என்ன நடந்தது என்று நான் கண்ணால் பார்த்தவள்.

கொரோனா ஊரடங்குக்காக 2020 மார்ச் 24ஆம் தேதி மூடிய டாஸ்மாக் மே 7ஆம் தேதிதான் திறந்தது. மற்ற மாநிலங்களிலும் அந்த ஏப்ரலில் அநேகமாக மதுக்கடையே கிடையாது. அந்த நேரத்தில்தான், மார்ச் 23 முதல் ஏப்ரல் 16 வரைக்குள், தேசிய மகளிர் ஆணையத்துக்கு 239 குடும்ப வன்முறைப் புகார்கள் வந்தன. அதற்கு முந்தைய 25 நாட்களில் வந்தவை 123. தபால் ஒழுங்காகப் போகாத காலம் அது. புகார் சொல்ல வாட்ஸ்அப் எண்ணையே ஏப்ரல் 10ஆம் தேதிதான் அறிவித்தார்கள். அறிவித்தும் என்ன, ஒரே செல்போன் இருக்கிற வீட்டில் அது யார் சட்டைப்பையில் இருக்கும், சொல்?

எங்கள் காம்பவுண்டில் பூக்கட்டுகிற ஒரு பெண் இருந்தாள். விடியுமுன் மாட்டுத்தாவணிக்குப் போய் மல்லிகை வாங்கி வந்து கட்டிக் கொடுப்பாள். கோயில் நடை சாத்தி, கல்யாண மண்டபமும் பூட்டியபின் பூவை யார் கேட்பார்கள்? அவள் கைக்காசு நின்றது. வெளியே போய்வருகிற அந்த இரண்டு மணி நேரமும் போயிற்று. கள்ளத்தனமாக வாங்கிக் குடித்தவர்கள் அப்போதும் உண்டுதான், ஆனால் அவள் புருஷனுக்கு அதற்குக் காசில்லை. குழாயடியில் என்னிடம் அவள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "முன்னெல்லாம் குடிச்சிட்டு அடிச்சா அப்படியே தூங்கிடுவாருக்கா. இப்ப தூங்கவும் மாட்டேங்கிறாரு."

ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். புருஷன் பெண்டாட்டி சண்டை, ஊரடங்கு முடியட்டும் என்றார்கள். அவளுடைய அம்மா வீடு உசிலம்பட்டிப் பக்கம். பஸ் இல்லை. ஊர்விட்டு ஊர் போக இ-பாஸ் கேட்டால் கல்யாணமா, சாவா, வைத்தியமா என்றுதான் கேட்டார்கள், அடிபட்டவளுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அது. பிறகு பெண்களுக்கான உதவி எண் 181க்கு நானே பேசினேன். அவர்கள் மூலமாகத்தான் பாதுகாப்பு அலுவலர், அதாவது வீட்டில் அடிபடுகிற பெண்களுக்கு உதவ அரசாங்கம் வைத்திருக்கிற அதிகாரி, லைனில் வந்தார், அதன்பின் போலீசும் வீட்டு வாசலுக்கு வந்தது. ஜூன் 24ஆம் தேதி மதுரையை மறுபடி முழுசாக அடைப்பதற்குள் அவளையும் பிள்ளைகளையும் உசிலம்பட்டிக்கு அனுப்பிவிட முடிந்தது. கோர்ட்டில் மனு நகர மாதக்கணக்கில் ஆனது, ஆனால் உத்தரவு வந்தது. இப்போது எங்கள் காம்பவுண்டில் அதே வீட்டில் அவள் இருக்கிறாள், அவன் இல்லை.

செல்வி, இதை அண்ணியிடம் அழுத்திச் சொல். 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி அடிபட்டவளே போய்ப் புகார் கொடுக்க வேண்டும் என்றில்லை. 4ஆவது பிரிவின்படி விஷயம் தெரிந்த யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு எதுவும் வராது. அத்தையாகிய நீயே சொல்லலாம். வீடு அவள் பேரில் இல்லாவிட்டாலும் அங்கே குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு. அவனை வெளியேறச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டால் முடியும். வக்கீலுக்குக் காசில்லையே என்று தயங்க வேண்டாம், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாகவே வக்கீல் வைத்துக் கொடுக்கிறார்கள்.

அடுத்த தடவை காயம் பட்டால் வீட்டில் மஞ்சள் பற்றுப் போட்டு மறைக்க வேண்டாம் என்று சொல். மேலூர் அரசு ஆஸ்பத்திரியோ இங்கே பெரியாஸ்பத்திரியோ, போய் "புருஷன் அடித்தார்" என்றே சொல்லிச் சீட்டில் எழுதி வாங்கட்டும். மாடிப்படியில் விழுந்தேன் என்று சொல்லிவிட்டால் நாளைக்குக் கையில் ஒன்றும் இருக்காது. 181ஐப் போனில் பதிந்து வைக்காமல் மனப்பாடமாக வைத்துக்கொள்ளட்டும். தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21இல் கேட்டபோது, நம் தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 100க்கு 38 பேர் புருஷனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். தனக்கு மட்டும் வந்த தலைக்குனிவு என்று அவள் குமைய வேண்டாம்.

மாட்டுத்தாவணியிலிருந்து மேலூருக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே போய் அவளைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அவன் வீட்டில் இல்லாத நேரம் எது என்று அவளிடம் பக்குவமாகக் கேட்டு, வெள்ளிக்கிழமைக்குள் எனக்குப் போன் செய். சும்மா ஊர்ப்பக்கம் வந்தவள் மாதிரி போய்க்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி
மீனா