மகனே, உன் உணவுப்பட்டியலைப் பற்றி

சோலூலா, புவெப்லா
பிப்ரவரி

அன்புள்ள ரஃபாயேலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நீயும் மருமகளும் பேத்தி லூசியாவும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிறுதோறும் தவறாமல் வரும் உன் அழைப்பு கன்டெலாரியா திருநாளுக்குப் பிறகு வரவேயில்லை. நியூயார்க்கில் உணவுக்கடை திறக்கும் அலைச்சலில் நேரம் கிடைத்திருக்காது என்றே எடுத்துக்கொள்கிறேன். அன்று மக்காச்சோள மாவை இலையில் பொதிந்து அவித்த தமால் சாப்பிட எல்லோரும் கூடியிருந்தபோது உன் அண்ணன் மார்ட்டின், நீ அனுப்பியிருந்த உணவுப்பட்டியலை ஒவ்வொருவருக்கும் காட்டி வாய்க்கு வந்ததைப் பேசியதும், நீ அழைப்பில் இருந்தபடியே அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும். அவனைப் பற்றி உனக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை; உன் அப்பா இருந்த காலத்திலேயே அவன் அப்படித்தான். பட்டியலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

"இது மெக்ஸிகோ சாப்பாடே இல்லை, அமெரிக்கக் கிரிங்கோக்களின் சாப்பாடு" என்றான் அல்லவா? புரீட்டோவையும் நாச்சோவையும் பார்த்துத்தான் அப்படிச் சொன்னான். புரீட்டோவைச் சுற்றும் கோதுமை ரொட்டியான டோர்ட்டியா நம் வடக்கில் சொனோராவிலும் சிவாவாவிலும் அன்றாட உணவு. அவனுடைய மாமியாரே சொனோராவின் எர்மோசியோ ஊர்க்காரி. முழங்கை வரை மூடும் அளவுக்கு அகலமாகவும், மறுபுறம் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லியதாகவும் அந்த அம்மாள் கையிலேயே வீசி வீசி டோர்ட்டியா விரிப்பதை, இவன் அடுப்படியில் நின்று கண் கொட்டாமல் பார்த்திருக்கிறான். எர்மோசியோவில் அவன் ருசித்துத் தின்ற பண்டம் குயின்ஸ் தெருவில் விற்றால் மட்டும் அந்நியமாகிவிடுகிறது போலும். நாச்சோவின் கதையும் அவனுக்குத் தெரியாது. 1940களில், எல்லையோர ஊரான பியெத்ராஸ் நெக்ராஸில், ஆற்றைக் கடந்து டெக்ஸஸிலிருந்து வந்த பெண்கள் சிலர் பசியோடு உட்கார்ந்திருந்தபோது, சமையற்காரர் கண்ணில் படாததால் இக்னாசியோ அனாயா என்ற உணவக ஊழியர் கைக்குக் கிடைத்த டோர்ட்டியாவையும் சீஸையும் மிளகாயையும் சேர்த்துச் செய்து கொடுத்தது அது. இக்னாசியோ என்ற பெயருடையவரை நாம் வீட்டில் நாச்சோ என்று கூப்பிடுவதில்லையா, உன் பெரிய தாத்தாவைக் கூப்பிட்டது போல? சாப்பிட்டவர்கள் அமெரிக்கர்கள் என்பதற்காகச் செய்தவரின் ஊர் மாறிவிடாது. ஆகவே அதைத் தயங்காமல் விற்பாயாக. ஆனால் டப்பாவிலிருந்து ஊற்றும் அந்த மஞ்சள் சீஸ் மட்டும் உன் கடைக்குள் வரக்கூடாது. அதை நான் சொல்லித்தான் நீ அறிய வேண்டும் என்பதில்லை.

மார்ட்டின் மார்தட்டிக்கொள்ளும் நம் புவெப்லா மிளகாய்க் குழம்பான மோலே போப்லானோவையே எடுத்துக்கொள். முலாட்டோ, ஆன்ச்சோ, பசியா ஆகிய மிளகாய்களும் கொக்கோவும் தக்காளியும் இந்த மண்ணுக்கு உரியவை. எள்ளும் பாதாமும் உலர் திராட்சையும் ஸ்பானியரோடு வந்து சேர்ந்தவை. மிளகும் கிராம்பும் ஆசியாவிலிருந்து வந்தவை. விரலால் அழுத்தினாலே நொறுங்கும் மெல்லிய பட்டை இன்றும் இலங்கையிலிருந்துதான் வருகிறது. அந்தத் தீவின் பட்டையை மிகுதியாக வாங்கும் நாடுகளில் நம் நாடு முன்வரிசையில் இருக்கிறது. சாந்தா ரோசா மடத்துக் கன்னியாஸ்திரி ஒருவர் மோலேயைக் கண்டுபிடித்தார் என்ற கதையை வகுப்பில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். மிளகாயைக் கல்லில் அரைத்துக் குழம்பு வைக்கும் பழக்கம் அந்த மடம் எழும்புவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கு இருந்தது என்பதையும் கூடவே சொல்லியிருக்கிறேன். நீங்கள் இருவரும் சனிக்கிழமை இரவுகளில் அடித்துக்கொண்டு தின்ற, ரொட்டியில் இறைச்சி சுற்றிய அரபு டாக்கோவோ, 1930களில் மத்தியக் கிழக்கிலிருந்து புவெப்லாவில் வந்து குடியேறிய குடும்பங்களின் கைவண்ணம். ஆட்டிறைச்சியின் இடத்தில் பன்றியிறைச்சி வந்தது. பின்னர் ரொட்டியின் இடத்தில் மக்காச்சோள டோர்ட்டியாவும் அதன்மேல் அன்னாசித் துண்டும் வந்து அல் பஸ்தோர் ஆனது. அதை உண்ணும்போது மார்ட்டின் யாரிடமும் ஊர் விசாரித்ததாக எனக்கு நினைவில்லை.

உணவை விடு, உடையைப் பார். நம் பெண்களின் தேசிய உடை என்று எங்கும் காட்டப்படும் சைனா போப்லானா உடையோடு சேர்த்துப் பேசப்படும் கத்தரீனா தெ சான் ஹுவான், இந்தியாவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு, மணிலா வழியாகக் கப்பலில் அகாபுல்கோவுக்குக் கொண்டுவரப்பட்டு, நம் புவெப்லாவில் அடிமையாக வாழ்ந்த பெண். 1688இல் இங்கேயே இறந்தார். அந்த ஜிகினாப் பாவாடையை அவர் உடுத்தியதே இல்லை, அது பிற்காலத்தது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது சரிதான். என்றாலும் இந்த ஊர் அவரைத் தன்னுடையவர் என்று சொல்வதை விடவில்லை.

பள்ளியில் ஆசிரியையாக இருந்த காலம் முழுவதும், நாம் அனைவரும் கலப்பினத்தவர், ஸ்பானியரும் பழங்குடியினரும் கலந்து பிறந்த ஒரே மக்கள் என்று பாடப்புத்தகத்தில் உள்ளபடி நடத்தினேன். புத்தகத்தில் அது அழகாக இருந்தது. சந்தையில் காய் விற்பவர் வெயிலில் கறுத்த என்னைப் பார்த்து "வாங்க, வெள்ளைக்காரம்மா" என்று அன்பொழுகக் கூப்பிடுவார். கறுப்பாக இருப்பவளை வெளுப்பு என்று அழைப்பதுதான் இங்கே மரியாதை. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தங்களைப் பழங்குடியினர் என்று சொல்லிக்கொண்டவர்கள் 2 கோடியே 30 லட்சத்துக்கும் மேல். பழங்குடி மொழி பேசுபவர்கள் 73 லட்சம் பேர்தான். ஆப்பிரிக்க வழிவந்தவர்கள் என்று 25 லட்சம் பேர் பதிவு செய்துகொண்டார்கள். நாட்டின் இரண்டாம் குடியரசுத் தலைவரான விசென்தே குவெரேரோவே அந்த வழியில் வந்தவர் என்றாலும், அரசியலமைப்பு அவர்களைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது 2019இல்தான்.

உன் பாட்டி குவெட்சாலான் மலைக்காரி. தன் தங்கையிடமும் கோழிகளிடமும் தன் பழங்குடி மொழியான நவாட்டிலில் பேசுவாள். எங்களிடம் ஸ்பானிய மொழியில்தான் பேசுவாள். நவாட்டிலில் வாய் திறந்த பிள்ளைக்குப் பள்ளியில் அடி விழுந்த காலம் அது. எங்கள் கைகளில் அந்த அடி விழக்கூடாது என்று அவள் எண்ணியிருப்பாள். இன்று மார்ட்டின் உன் மகளுடைய ஸ்பானிய மொழியைக் கேட்டுச் சிரிக்கிறான். அவனுக்கு நவாட்டிலில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது.

இப்படிச் சொல்வதால் லூசியாவின் விஷயத்தில் உன்னை விட்டுவிட்டேன் என்று எண்ணாதே. கைப்பேசியில் அவள் என்னிடம் "ஓலா, அபுவெலா" என்று பாட்டிக்கு வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு உன் முகத்தைப் பார்க்கிறாள். வீட்டுக்குள்ளாவது ஸ்பானிய மொழியில் பேசு என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன்! சமையலறையில் நின்று பேசிக்கொண்டே வேலை செய்தால் போதும். பிள்ளைகள் அப்படித்தான் பிடித்துக்கொள்வார்கள். தூதரகத்தில் அவள் பிறப்பைப் பதிவு செய்யும்படி சொன்னதையும் நீ இன்னும் செய்யவில்லை. இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை பிறப்பாலேயே மெக்ஸிகோ நாட்டவர் என்று நம் சட்டம் சொல்கிறது; 1998 முதல், பிறப்பால் மெக்ஸிகோ நாட்டவராக இருப்பவர் வேறொரு நாட்டின் குடியுரிமை பெற்றாலும் இந்த உரிமை பறிபோவதில்லை. அங்கே உன்னிடம் நம் நாட்டுச் சான்றிதழ்களைத்தான் கேட்பார்கள். நீ அஞ்சும் தாளைக் கேட்க மாட்டார்கள். உன் பிறப்புச் சான்றிதழின் நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மறக்காமல் போய்ப் பதிவு செய்.

அந்தத் தாளைப் பற்றிக் கடிதத்தில் எழுதாதே என்று நீ சொல்லியிருப்பதால் அதற்குமேல் எழுதவில்லை. வேலைக்கு இப்போதும் அதே ரயிலில்தான் போகிறாயா என்று மட்டும் கேட்கிறேன். இரவு கடைசி வேலைநேரத்தை வேறு யாருக்காவது விட்டுக்கொடுக்க முடிந்தால் நல்லது. தொலைக்காட்சியில் காட்டுவதையெல்லாம் நான் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டு எல்வீரா பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள்.

மே 5 விருந்து என்று பட்டியலின் அடியில் எழுதியிருக்கிறாய். மார்ட்டின் அதற்கும் சிரித்தான். அது அமெரிக்கர்கள் பீர் குடிக்கும் நாள் என்றான். பீர் விற்பவர்கள் அதைப் பெரிதாக்கினார்கள் என்பது உண்மை. நம் விடுதலை நாள் செப்டம்பர் 16 என்று அங்கே பலருக்குத் தெரியாது என்பதும் உண்மை. ஆனால் 1862இல் பிரெஞ்சுப் படையை நம் லொரேத்தோ கோட்டையின் முன்னால் முறியடித்த சேதி கலிஃபோர்னியாவை எட்டியதும், அங்கிருந்த மெக்ஸிகோக்காரர்கள் அந்த ஆண்டுகளிலேயே அதைக் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் பலரும் எங்கும் குடிபெயர்ந்து போனவர்கள் அல்லர். 1848 உடன்படிக்கையில் நாடு தன் நிலத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்தபோது, இருந்த இடத்திலேயே இன்னொரு நாட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டவர்கள். படையை நடத்திய தளபதி இக்னாசியோ சராகோசா பிறந்த இடமே இன்று டெக்ஸஸில் இருக்கிறது. சராகோசாவை நம்மவர் என்று கொண்டாடிவிட்டு, சான் அந்தோனியோவில் இருக்கும் உன் அப்பாவின் அத்தை வீட்டாரை மட்டும் பாதி மெக்ஸிகோக்காரர்கள் என்று சொல்வது மார்ட்டினுக்குத்தான் வரும். அந்தக் கல்யாணத்தில் அவன் சொன்ன சொல்லை அந்த வீட்டார் இன்னும் மறக்கவில்லை. மே 5 விருந்தை நீ நடத்து. ஆனால் தொங்கு மீசையும் பெரிய தொப்பியும் ஒட்டிய காகிதத் தோரணம் கட்டாதே. புவெப்லாவில் பிறந்தவன் கடையில் அந்த நாளுக்கு நம் ஊர் ரொட்டியான சமீட்டாவும் மோலேயும் இருந்தால் போதும்.

உன்னை நினைத்து எனக்குப் பெருமை உண்டு என்பதை நான் வாய்விட்டுச் சொல்வதில்லை. நியூயார்க்கில் இத்தாலிய உணவென்றும் பிரெஞ்சு உணவென்றும் சொல்லி வைக்கப்படும் எத்தனையோ தட்டுகள் நம் புவெப்லாப் பிள்ளைகளின் கைகளிலிருந்து போகின்றன. நீயும் இத்தனை காலம் யாரோ ஒருவருடைய பாட்டியின் செய்முறையைப் பழுதில்லாமல் செய்து கொடுத்தாய். இப்போது சொந்த அடுப்பு மூட்டுகிறாய். நம் நாட்டுச் சமையலை யுனெஸ்கோ 2010இல் மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இங்கே பெரிய மேடை போட்டுப் பேசினார்கள். கூடையில் டோர்ட்டியா கொண்டுவந்து நடைபாதையில் விற்கும் கிழவிகளை விரட்டுவதை அதன் பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. உன் கடையில் அப்படி ஒருத்தியை உட்கார வைத்தாயானால் எனக்கு அது போதும்.

டோர்ட்டியாவில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாக்கெட் மாவு வேண்டாம். பாக்கெட் மாவு வேண்டவே வேண்டாம். ஒரு கிலோ மக்காச்சோளத்துக்குப் பத்து கிராம் சுண்ணாம்பு போதும். கூடினால் கசக்கும், மஞ்சளடிக்கும். கொதி வந்ததும் ஒரு மணியை எடுத்துக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் தேய்த்துப் பார். தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவர வேண்டும். மணியைக் கடித்தால் நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். அப்போது அடுப்பை அணைத்து, இரவு முழுவதும் அந்த நீரிலேயே ஊறவிடு. இந்தச் சுண்ணாம்பு நீரை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போன நாடுகளில் ஏழைகள் தோல் வெடித்து, புத்தி பேதலித்து மாண்டார்கள். சோளத்தில் இருக்கும் ஒரு சத்து சுண்ணாம்பு இல்லாமல் உடம்பில் ஒட்டாது. இங்கே பள்ளிக்கூடத்தையே பார்த்திராத பெண்கள் அதை விடாமல் செய்துவந்தார்கள். நம் தெவாக்கான் குகைகளில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட, விரல் நீளமே உள்ள சோளக் கதிர்கள் கிடைத்திருக்கின்றன. சுண்ணாம்பை அளந்து போடு. லூசியாவை அருகில் நிறுத்திக்கொண்டு அந்தத் தோலைத் தேய்த்துப் பார்க்கச் சொல். அதற்கு எந்த மொழியும் தேவையில்லை, ஆனாலும் நீ ஸ்பானிய மொழியிலேயே சொல்.

கடைசியாக ஒன்று. பட்டியலில், மிளகாயில் பூரணம் அடைத்து வெள்ளைக் கொட்டைக் குழம்பு ஊற்றும் சீலே என் நோகாடா ஆண்டு முழுவதும் கிடைக்கும் என்று போட்டிருக்கிறாய். 1821இல் விடுதலைப் படைத் தளபதி இத்துர்பிதே புவெப்லாவுக்கு வந்தபோது மூவண்ணக் கொடியின் நிறத்தில் அதைச் சமைத்துக் கொடுத்த கதையைப் பட்டியலின் ஓரத்தில் அச்சிட்டது நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் வந்தது ஆகஸ்ட் மாதம். அதற்கு வேண்டிய அக்ரூட் கொட்டை மரத்திலிருந்து பச்சையாக வந்தால்தான் உள்தோல் உரியும். உலர்ந்த கொட்டையில் அந்தத் தோல் ஒட்டிக்கொள்ளும், வெள்ளைக் குழம்பு பழுப்பாகிக் கசக்கும். கல்பானில் விளையும் சின்ன ஆப்பிளும் பேரிக்காயும் மாதுளையும் ஒன்றாகக் கூடிவருவது ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைதான். புரீட்டோ இருக்கட்டும், நாச்சோ இருக்கட்டும், மே 5 இருக்கட்டும். நோகாடாவை மட்டும் ஜூலை வரும்வரை பட்டியலிலிருந்து அடித்துவிடு.

எல்வீராவின் மருமகன் ஈஸ்டருக்கு முன் அங்கே வருகிறான். அவனிடம் முலாட்டோ மிளகாய் இரண்டு கிலோ கொடுத்தனுப்புகிறேன். கிடைத்ததும் ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் சொல்.

அன்புடன்,
அம்மா