முடிக்கொத்து நோயை முன்கூட்டியே கண்டறிய உதவியவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பள்ளத்தூர், கானாடுகாத்தான் பகுதியில் கிணற்றுப் பாசனத்தில் வாழை பயிரிடும் எங்கள் தோட்டங்களில், முடிக்கொத்து நோய் கண்ணுக்குப் புலப்படும் முன்பே அதைக் கண்டறியத் துணைநின்ற அனைவருக்கும் நன்றி தெரிவித்துக்கொள்கிறோம்.

கீழ்ப் பழனி மலையில் விருப்பாட்சி வாழையை வாரிக்கொண்டு போன வைரஸ் நோய் இது. இலைக்காம்பில் கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாகத் தோன்றி, இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிமிர்ந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும். அதற்குள் அந்த மரத்தின் பக்கக்கன்றுகள் உறவுமுறையார் தோட்டங்களுக்குப் போயிருக்கும், நோயைப் பரப்பும் சிறு பூச்சியான வாழை அசுவினியும் அடுத்த வரிசைக்குப் பரவியிருக்கும். வந்தபின் தீர்க்க மருந்தில்லை.

எங்கள் மாதிரிகளைச் சோதித்த திருச்சி ஆய்வகத்தினருக்கு முதல் நன்றி. இந்த வைரஸின் மரபுப்பொருளே டிஎன்ஏ என்பதால் டிஎன்ஏ துண்டைப் பன்மடங்காகப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் முறையில் அதை நேரடியாகத் தேடலாம் என்றும், ஒரே ஒரு துண்டு இருந்தாலும் சுற்றுக்குச் சுற்று இரட்டித்து, 30 சுற்றில் கணக்குப்படி 107 கோடியைத் தாண்டும் என்றும் பொறுமையாக விளக்கினார்கள். கூட்டு வட்டி அறிந்த ஊர்க்காரர்களுக்கு அது சட்டென்று விளங்கியது. இன்று நோயில்லை என்று வரும் முடிவு நாளை வரும் அசுவினிக்குக் காவலாகாது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

மாதிரி எடுத்த வேளாண் மாணவியர், இளம் இலையின் நடுநரம்பை மரத்துக்கு மரம் கையுறை மாற்றி, கத்தியைத் துடைத்து வெட்டி, உறையில் மர எண்ணைக் குறித்தனர். ஒரு மரத்தின் சாறு மற்றொன்றில் பட்டாலும் இவ்வளவு நுட்பமான சோதனை தவறாகிவிடும்.

எனினும், எங்கள் கணிப்பில் பெரிய நன்றிக்குரியவர், பச்சைப்பசேலென நின்ற பூவன் மரங்களை ஒரு தாளில் வந்த முடிவை நம்பித் தோண்டச் சம்மதித்த ஆச்சி அவர்களே. அசுவினி பறந்து போகாதிருக்க முதலில் மருந்து தெளித்து, பிறகு கிழங்கில் துண்டுகூட மிஞ்சாமல் அகற்றும் வரை வரப்பிலேயே நின்றார்கள். சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கிய மற்றவர்கள் அதன் பின்னரே மண்வெட்டியை எடுத்தார்கள்.

ஐஸ் பெட்டிகளை வாடகை வாங்காமல் திருச்சிக்குக் கொண்டுசேர்த்த வேன் ஓட்டுநர் தம்பிக்கும் நன்றி. வைகாசியில் மறுசோதனைக்கு இலை எடுக்கும்போதும் அவரையே அழைக்க இருக்கிறோம். அம்முறை வாடகையை அவர் மறுக்கக் கூடாது.

இப்படிக்கு,
வட்டார வாழை விவசாயிகள்