நோர்வே ட்ரொம்சோவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகள்,

நானும் அம்மாவும் சுகம். மாரி மழை பரவாயில்லை, கிணறு நிரம்பிவிட்டது. அம்மாவின் முழங்கால் பழையபடிதான். மற்றதெல்லாம் அக்கா சொல்லியிருப்பாள்.

போன முறை வீடியோவில் கதைத்தபோது உனக்குப் பின்னால் அக்கா அனுப்பிய லைற் பெட்டியைக் கண்டேன். இன்னும் பிரிக்கவில்லை, மேலே உடுப்புக் குவியல். அவ்வளவு காசு கொடுத்து அவள் அனுப்பியது உடுப்பு போடவா? சரி, விடு. பிள்ளை ஏன் மத்தியானம் வரைக்கும் நித்திரை என்று அம்மா கேட்டாள். லீவு நாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உனக்கு விஞ்ஞானம் படிப்பித்த உரிமையில் கொஞ்சம் எழுதுகிறேன். நவம்பர் கடைசியில் இருந்து ஜனவரி நடு வரைக்கும் உங்கள் ஊரில் சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. இங்கே மார்கழியிலும் 11 மணி நேரத்துக்கு மேல் பகல். காலையில் கண்ணில் படும் வெளிச்சம்தான் உடம்புக்குள் இருக்கும் மணிக்கூட்டைச் சரிப்படுத்துகிறது. அது கிடைக்காவிட்டால் சிலருக்கு நித்திரை கூடும், மாச்சாப்பாட்டில் ஆசை வரும், ஒருவரோடும் கதைக்கப் பிடிக்காது. 1984இல் இதற்குப் பருவகால மனச்சோர்வு என்று பெயர் வைத்து எழுதிய நோர்மன் றோசன்தால் என்ற மனநல டொக்டரும் வெயில் நாட்டுக்காரர்தான், தென்னாபிரிக்காவில் இருந்து அமெரிக்காவுக்குப் போனவர். அங்கத்தைய குளிர்காலம் அவரையும் சோர வைத்ததாம். ஆகவே இது சோம்பல் இல்லை. சித்தப்பாவை இந்த வீட்டில் அந்தச் சொல்லால்தான் கூப்பிட்டார்கள், நீயும் கேட்டிருப்பாய். உன்னை ஒருவரும் அப்படிச் சொல்ல விடமாட்டேன்.

வெளிச்சத்தை லக்ஸ் என்று அளப்பார்கள். வீட்டு லைற்றில் 500 லக்ஸ் வருவதே அரிது. அந்தப் பெட்டி 10,000 லக்ஸ் தரும், அதுவும் அதன் தாளில் எழுதியிருக்கும் தூரத்தில் இருந்தால்தான். எழும்பி ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நேரம் அதற்கு முன்னால் இரு. நேரே உற்றுப் பார்க்காதே, கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடி, போனைப் பார். பின்னேரத்தில் போட்டால் இரவு நித்திரை குழம்பும். காலையில், பிள்ளை, காலையில். விட்டமின் டி அதிலிருந்து வராது, அதற்கு மீன் ஈரல் எண்ணெய் குடி. சின்னதில் நீ அதைத் துப்பின துப்பு எனக்கு மறக்கவில்லை, ஆனால் நோர்வேக்காரர் குடித்துத்தானே வளர்கிறார்கள்.

இந்த ஒழுங்கையில் இருந்து அவ்வளவு தூரம் தனியாகப் போய் வேலை எடுத்தவள் நீ ஒருத்திதான். சந்தியில் யாரைக் கண்டாலும் அதைச் சொல்லாமல் நான் வருவதில்லை. அதற்காகப் போன் எடுக்காமல் இருக்கலாமா? இரண்டு வரி எழுதிப் போடவும் நேரம் இல்லையா? சூரியன் திரும்பி வருவதை உங்கள் ஊரில் ஜனவரி 21இல் பணிஸ் சாப்பிட்டுக் கொண்டாடுவார்கள் என்று போன வருஷம் நீதான் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். அம்மா பொங்கலுக்கு முதல் நாளே உனக்கு எடுப்பாள், அன்றைக்காவது எடுத்துக் கதை. லைற்றை அதுவரைக்கும் பிற்போடாதே. காலையில் போடு.

ஒன்றிரண்டு கிழமையில் வித்தியாசம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உன் குடும்ப டொக்டரிடம் போ. கண்ணில் ஏதும் வருத்தம் இருந்தாலோ வேறு மருந்து எடுத்தாலோ, லைற் போட முதலே அவரிடம் கேள். போனால் நித்திரையை மட்டும் சொல்லிவிட்டு வராதே. மனதில் வேறு எண்ணம் ஏதும் வந்தால் அதையும் சொல். எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தால் அக்காவுக்குச் சொல், நடுச்சாமம் என்றாலும் அவள் எடுப்பாள். நானும் எடுப்பேன்.

இதை எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

அப்பா