சேர்க்க பதினோரு நாள், நீக்க பதினைந்து மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா மறுபடியும் தலைகாட்டுகிறது என்று 2025 ஜூனில் உங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். நாடு முழுக்கச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டது, ஏப்ரலில் தமிழ்நாட்டு மாதிரி ஒன்றில் என்பி.1.8.1 என்ற புது வகை தெரியவந்தது, கூட்டத்தில் முகக்கவசம் போடுங்கள் என்று எல்லாம் இருந்தது. வந்துவிட்டால் என்ன வைத்தியம் என்பது மட்டும் இல்லை. 2020ல் கொடுத்த மருந்துகளில் எது இன்றைக்கும் நிற்கிறது, எது கைவிடப்பட்டது என்று ஒரு வரி கிடையாது. பெரம்பூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்தச் செய்தி வந்த நாளிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது அந்த ஒரு வரியைத்தான்.

கொரோனா வைத்தியம் மாறிய கதையை டாக்டர்கள் வார்டில் பார்த்தார்கள். நாங்கள் மருந்துச் சீட்டில் பார்த்தோம். 2020 மார்ச் கடைசியில் சுகாதாரப் பணியாளர்கள் முன்தடுப்பாக ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) சொன்னது. அவ்வளவுதான், தெருவே மாத்திரை கேட்டு வந்து நின்றது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சில நாளில் அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்குள் ஸ்டாக் காலி. முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் வருஷக்கணக்கில் அதைச் சாப்பிட்டவர்கள் கடை கடையாக அலைந்தார்கள்.

அந்த மாத்திரையால் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குப் பலன் இல்லை என்று இங்கிலாந்தின் ‘ரெகவரி’ ஆய்வு 2020 ஜூன் 5ஆம் தேதியே சொல்லிவிட்டது. அதே ஆய்வு ஜூன் 16ஆம் தேதி இன்னொன்றும் சொன்னது: டெக்ஸாமெத்தசோன் உயிரைக் காப்பாற்றுகிறது. வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, ஆக்சிஜனில் இருப்பவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். எந்த மருந்துக்கடையிலும் மூலையில் கிடக்கும் பழைய ஸ்டீராய்டு அது, மாத்திரை ஒன்று டீ விலைகூட வராது. (அதனால்தானோ என்னவோ, அதைப் பற்றிப் பேச ஒரு கம்பெனி ரெப்கூட என் கடைப் படியேறவில்லை.) ஜூன் 27ஆம் தேதி மத்திய அரசின் சிகிச்சை நெறிமுறையில் டெக்ஸாமெத்தசோன் சேர்ந்துவிட்டது. பதினோரு நாள்! இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

பலன் இல்லை என்று தெரிந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தேசிய நெறிமுறையிலிருந்து எப்போது போனது தெரியுமா? 2021 செப்டம்பரில். கூடவே ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தும் போனது. நடுவில் பதினைந்து மாதம், ஒரு முழு இரண்டாம் அலை. தேறியவர்களின் ரத்தத்திலிருந்து திரவப் பகுதியைப் பிரித்து ஏற்றும் பிளாஸ்மா சிகிச்சையின் கதையும் இதுதான். அதைச் சோதித்தது வெளிநாட்டுக்காரர்கள்கூட இல்லை, நம் ஐசிஎம்ஆரே 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் ஆய்வு நடத்தி, நோய் முற்றுவதையும் இறப்பையும் அது தடுக்கவில்லை என்று கண்டது. 2020 அக்டோபரில் முடிவு மருத்துவ இதழில் வெளியானது. நெறிமுறையிலிருந்து எடுத்தது 2021 மே 17. அந்த மே மாதம் முதல் பாதியில் சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் ‘பி பாசிட்டிவ் பிளாஸ்மா அவசரம்’ என்று எத்தனை செய்தி ஓடியது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் நடுவில் வைத்தியம் தெளிவானது என்றால், அதில் பாதி எதை எப்போது கொடுப்பது என்ற தெளிவுதான். முதல் வாரம் வைரஸ் பெருகும் காலம். ஆக்சிஜன் இறங்கும் நிலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டாம் வாரத்தில் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நிதானம் இழந்து நுரையீரலைத் தாக்குகிறது. ஸ்டீராய்டு அடக்குவது அதைத்தான். ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிக்கு அதனால் பலன் இல்லை என்பதையும் அதே ‘ரெகவரி’ ஆய்வுதான் சொன்னது. அந்தப் பிரிவில் ஸ்டீராய்டு வாங்கியவர்களில் 17.8 சதவீதம் பேர் இறந்தார்கள், வாங்காதவர்களில் 14 சதவீதம். வைரஸைத் தடுக்கும் மருந்து நேர் எதிர், கொடுத்தால் முதல் சில நாட்களில் கொடுக்க வேண்டும்.

2021 ஏப்ரல், மே மாதங்களில் என் கவுன்டருக்கு வந்த சீட்டுகளில் இது தலைகீழாக இருந்தது. காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, பத்தாம் நாள் மூச்சுத்திணறலோடு படுத்தவருக்கு வைரஸைத் தடுக்கும் ரெம்டெசிவிர் ஊசி. சீட்டே இல்லாமல் போனில் வந்த ஒரு படத்தைக் காட்டி, ‘இந்த லிஸ்டில் இருப்பது அப்படியே கொடுங்க’ என்றவர்களும் உண்டு. அதிலும் ஸ்டீராய்டு இருக்கும். எங்கள் பக்கத்துத் தெரு ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், பல வருடமாகச் சர்க்கரைக்காரர். ஆக்சிஜன் 98 இருக்கும்போதே வேறொரு இடத்தில் ஸ்டீராய்டு ஆரம்பித்திருக்கிறார்கள். கொரோனாவிலிருந்து நன்றாகவே தேறினார். மூன்றாம் வாரம் ஒரு பக்கக் கன்னம் மரத்து, கண் வீங்கி, சர்க்கரை 400ஐத் தாண்டி வந்து நின்றார். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றி, எதிர்ப்புச் சக்தியை அடக்கிய உடம்பில் பிடிக்கும் கறுப்புப் பூஞ்சை. அதற்கான ஆம்போடெரிசின் பி ஊசிக்கு அந்த வீட்டுப் பிள்ளைகள் பட்ட பாட்டைச் சொல்ல இங்கே இடம் போதாது. ஒரு கண் போய்விட்டது.

ரெம்டெசிவிருக்குக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் நின்ற வரிசையை உங்கள் நிருபர்களும் படம் எடுத்துப் போட்டார்கள். டாக்டர் சீட்டு, சி.டி. ஸ்கேன், பாசிட்டிவ் ரிப்போர்ட், ஆதார் நகல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு ராத்திரியெல்லாம் நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். கூட்டம் தாங்காமல் மே நடுவில் நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள், அங்கேயும் அதே கூட்டம். அப்புறம்தான் தனியார் மருத்துவமனைகளுக்கு நேரடியாகக் கொடுப்பது என்று முடிவானது. அந்த மருந்து ஆஸ்பத்திரி நோயாளிகளின் இறப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2020 அக்டோபரிலேயே சொல்லியிருந்தது. அந்த ஆய்வில் இந்தியாவும் பங்கெடுத்தது. தொடக்கத்திலேயே கொடுத்தால் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு உதவும் என்று பிற்பாடு தெரிந்தது உண்மைதான். ஆனால் வரிசையில் நின்றவர்களின் நோயாளிகள் பலர் அந்தக் கட்டத்தைத் தாண்டி ஆக்சிஜன் படுக்கையில் இருந்தார்கள். ஊரடங்குக் காலத்தில், நோய் பரவிக்கொண்டிருந்த நகரத்தில், இதற்காக அத்தனை பேரை நெருக்கியடித்து நிற்கவைத்தோம்.

காசு செலவில்லாத ஒரு வைத்தியம் மட்டும் சரியான நேரத்தில் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. அதுதான் குப்புறப் படுப்பது. 2021 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் படம் போட்டு விளக்கி வெளியிட்டது. கழுத்துக்கு அடியில் ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடை வரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழே இரண்டு. நுரையீரலின் பின்பகுதி விரிந்து காற்று போகும். கொளத்தூரில் என் மனைவியின் அக்கா படுக்கைக்காகக் காத்திருந்தபோது, டாக்டர் போனில் சொல்லச் சொல்ல இப்படித்தான் படுக்கவைத்தோம். வீட்டில் இருந்தது மூன்று தலையணை, மற்றதற்குப் போர்வையைச் சுருட்டி வைத்தோம். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரில் 91 என்று காட்டியது, அரைமணியில் 94, 95 என்று ஏறியது. மறுநாள் படுக்கை கிடைத்துச் சேர்த்துவிட்டோம். ஆஸ்பத்திரிக்கும் ஆக்சிஜனுக்கும் இது மாற்று இல்லை, அவை கிடைக்கும் வரைக்கும்தான். ஆனால் அந்தப் படம் எங்கள் தெருவில் அத்தனை பேர் போனிலும் இருந்தது. ‘ஆக்சிஜன் இறங்காதவருக்கு ஸ்டீராய்டு வேண்டாம்’ என்று அதேபோல் ஒரு படம் அப்போது ஏன் சுற்றவில்லை?

நம்மால் முடியாதது இல்லை. 2021 கடைசியில் மோல்னுபிராவிர் என்ற வைரஸ் தடுப்பு மாத்திரைக்கு அவசர அனுமதி கிடைத்ததும் ஆர்டர் எடுக்க ரெப்புகள் வரிசைகட்டினார்கள். பாதுகாப்புச் சந்தேகம் இருப்பதால் தேசிய நெறிமுறையில் சேர்க்கவில்லை என்று ஜனவரியிலேயே ஐசிஎம்ஆர் வெளிப்படையாகச் சொன்னது. பத்திரிகைகளும் அதைப் பெரிதாகப் போட்டன. என் கடையில் சீட்டு வந்தது, ஆனால் பழைய வெறி இல்லை. ‘வேண்டாம்னு பேப்பர்ல போட்டிருந்தானே’ என்று வாடிக்கையாளரே கேட்டார்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, எண்ணிக்கைச் செய்திக்குப் பக்கத்தில் தினமும் ஒரு சின்னப் பெட்டி போடுங்கள். இன்றைய நெறிமுறையில் எந்த மருந்து, யாருக்கு, எத்தனையாவது நாள், கைவிடப்பட்டவை எவை என்று அரசு மருத்துவமனை டாக்டர் ஒருவரிடம் கேட்டு வெளியிடுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் ஒரு வேண்டுகோள்: ஒரு மருந்தை நெறிமுறையிலிருந்து எடுத்தால், அந்த வாரமே எங்களுக்குச் சுற்றறிக்கை வர வேண்டும். உரிமம் புதுப்பிக்க எழுதும் கடிதம் ஒரு நாள் தவறாமல் வந்து சேர்கிறது, இதற்கும் அதே முகவரிதான். நேற்றுகூட ஒருவர் 2021ல் வந்த அதே பட்டியல் படத்தைக் காட்டி ஐவர்மெக்டின் கேட்டுவிட்டுப் போனார். உங்கள் பெட்டிச் செய்தி வந்தால் வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கிறேன், கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.