புறக்கடைக் கோழி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, இந்தப் பனியிலும் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் எனக்குப் பிறகு படிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களையும் அவரே படிப்பார்; அந்த மனத்தாங்கலில் எனக்குப் பங்கில்லை. மாதக் கூட்டங்கள் நவம்பர் நீங்கலாகத் தவறாமல் நடந்தன. நவம்பரில் மரங்கள் சாய்ந்து சாலை அடைபட்டதால் யாரும் வர இயலவில்லை. ஆண்டின் மற்றப் பணிகள் வழக்கம்போல் நடந்தேறின. விரிவாகப் பேச வேண்டியது ஐப்பசி மழை தொடங்கி மாசிப் பனி ஓயும்வரை நம் கொட்டகைகளில் நடந்ததைப் பற்றித்தான்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நமக்குக் குஞ்சுகள் வருவதோ சமவெளிப் பொரிப்பகங்களிலிருந்து. குஞ்சுப் பெட்டியோடு அவர்கள் தரும் துண்டுச்சீட்டு, முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கவும் என்கிறது. கணக்கில் பிழையில்லை. ஆனால் சமவெளியில் மூன்றாம் நான்காம் வாரத்திலேயே சூட்டுக்காக எரிக்கும் விளக்கை அணைத்துவிடுவார்கள். இங்கே தலைக்குந்தாவிலும் காந்தலிலும் டிசம்பர் விடியலில் புல்தரை வெள்ளையாகக் கிடக்கும்போது, ஆறு வாரமானாலும் இறகு முழுதும் மூடாத குஞ்சுக்கு இரவில் சூடு வேண்டும். இதை எந்தச் சீட்டிலும் அச்சிட்டிருக்க மாட்டார்கள்.

இறந்த குஞ்சுகளைப் பற்றி உறுப்பினர்களின் வீடுகளில் விசாரித்தேன். குளிரில் விறைத்துச் செத்தவை சிலவே. குளிருக்குப் பயந்து தார்ப்பாயால் நாலு பக்கமும் இறுகக் கட்டிய கொட்டகைகளில் செத்தவைதான் மிகுதி. குஞ்சுகளின் மூச்சிலும் எச்சத்திலும் இருந்து வரும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கூரைத் தகட்டில் கோத்து, சொட்டுச் சொட்டாகத் தரையில் பரப்பிய உமிக் கூளத்தில் இறங்குகிறது. ஈரக் கூளத்திலிருந்து அம்மோனியா கிளம்பிக் கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கிறது. அதே ஈரமும் விளக்குச் சூடும் சேர்ந்தால் இரத்தக் கழிச்சல் கிருமிக்கு வேறென்ன வேண்டும்? நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. குனிந்து, குஞ்சு நிற்கும் உயரத்தில் மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். கண் கரித்தால் கூளத்தை அன்றே மாற்றியாக வேண்டும்.

காற்று வேண்டும், ஆனால் குஞ்சின் மேல் நேராக அடிக்கக் கூடாது. தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை சாக்கோ பலகையோ கொண்டு மூடி, கூரைக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து வைத்தவர்கள் நன்றாகவே சமாளித்தார்கள். கூளத்தின் பதம் பார்க்க நம் மூத்த உறுப்பினரான அம்மையார் ஒருவர் காட்டித் தந்த முறையை இங்கே பதிவு செய்கிறேன். ஒரு கைப்பிடி உமியை எடுத்து இறுகப் பிடித்து விரலைத் திறந்தார். கொழுக்கட்டை போல நின்றது. "இது ஆகாது" என்று சொல்லித் தூக்கி எறிந்தார். இன்னொரு மூலையில் எடுத்தது விரல் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு ஒரு குஞ்சை எடுத்து அதன் கால்களைத் தம் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கால் சில்லென்றிருந்தால் தரையில் சூடில்லை என்று பொருள். அப்படிப்பட்ட குஞ்சு இரை எடுக்காது. வெப்பமானி வாங்க வசதியில்லை என்பவர்களுக்குக் கன்னம் இருக்கிறது. இரவில் ஒரு முறை எட்டிப் பார்த்தாலே மிச்சமும் தெரியும்: விளக்கடியில் குவிந்து கத்தினால் குளிர்கிறது, வாயைத் திறந்துகொண்டு, சுற்றி வைத்த தடுப்போரம் ஒதுங்கினால் சூடு அதிகம், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் எதிர்ப்பக்கத்தில் சந்து வழியாகக் காற்று வருகிறது. தடுப்பை வட்டமாகவே வையுங்கள். மூலை இருந்தால் அங்கே ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கும்.

விளக்கு விவகாரம் இந்த ஆண்டு பெரிய தலைவலி. குண்டு பல்பு கடைகளில் கிடைப்பது அரிதாகிவிட்டது. கடைக்காரர் எல்இடி பல்பை எடுத்து நீட்டி, வெளிச்சம் கூடுதல், மின்சாரம் மிச்சம் என்கிறார். நமக்கு வேண்டியது வெளிச்சமா? கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தின் கீழே குஞ்சுகள் நடுங்கிக்கொண்டு நின்றதைப் புது உறுப்பினர் ஒருவரின் வீட்டில் பார்த்தோம். குஞ்சுக்கு 2 வாட் என்ற கணக்கு குண்டு பல்புக்கு உரியது, எல்இடிக்குப் பொருந்தாது. மேட்டுப்பாளையத்தில் கிடைத்த குண்டு பல்புகளைச் சங்கம் மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறது. அகச்சிவப்பு விளக்கு வாங்குகிறவர்கள் அதைக் கம்பியில் உறுதியாகக் கட்டித் தொங்கவிடுங்கள். உலர்ந்த உமியில் விழுந்தால் கொட்டகையே போய்விடும்.

மின்தடை வரும் இரவுகளில் சிலர் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். குளிருக்காக அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் எழாமல் போன செய்தியை நம் மலையில் நாம் அறியாதவர்கள் இல்லை. மனிதருக்கே அந்தக் கதி என்றால் குஞ்சு எம்மாத்திரம்? வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைச் சாக்கில் சுற்றித் தடுப்புக்குள் வைத்தால் மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். அதற்குள் ஒரு முறை எழுந்து நீரை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் மேலான கருவி அடைக்கோழி. சமவெளியிலிருந்து கருமுட்டை கொண்டுவந்து பொரிப்பான் கருவியில் வைத்தவர்களுக்கு எதிர்பார்த்த அளவு பொரிக்கவில்லை. உயரத்தில் பிராணவாயு குறைவு. ஓட்டின் வழியாக முட்டையின் ஈரமும் சீக்கிரம் போய்விடும். நம் ஊரிலேயே வளர்ந்த பெட்டையின் முட்டைகளை அதன் அடியிலேயே வைத்தவர்கள் 21ஆம் நாள் கவலையில்லாமல் குஞ்சு எடுத்தார்கள். கோடையில் பன்னிரண்டு முட்டை வைக்கிற கோழிக்குக் குளிரில் எட்டுக்கு மேல் வேண்டாம். சிறகுக்கு வெளியே நிற்கும் முட்டை வீண். வாங்கிய குஞ்சுகளையும் இருட்டிய பிறகு அடைக்கோழியின் அடியில் ஒவ்வொன்றாகச் செருகிவிட்டால், பெரும்பாலும் விடியும்போது அது தன் பிள்ளைகளாகவே ஏற்றுக்கொள்ளும். பகலில் செய்தால் கொத்தித் துரத்தும்.

தடுப்பூசிப் பணி திருப்தியாக நடந்தது. தனித்தனியே வளர்க்கிறவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் உங்களுக்குத் தெரிந்ததுதான். கோழிக்கழிச்சல் நோயைத் தடுக்கும் லசோட்டா மருந்துக் குப்பியில் நூறு குஞ்சுக்கான மருந்து இருக்கும். வீட்டில் இருப்பவை பத்துக் குஞ்சுகள். கலக்கிய மருந்தை ஓரிரு மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும், மறுநாளைக்கு வைக்க முடியாது. அதனால் ஒரே தெருவில் ஒரே நேரத்தில் குஞ்சு எடுப்பவர்களைச் சேர்த்து, ஏழாம் நாள் கண்ணில் சொட்டு விடும் ஏற்பாட்டைச் செய்தோம். அதே நோய்க்கு எட்டாம் வாரம் போடும் ஆர்2பி ஊசியை வாங்கத் தவறியவர்கள், கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமையாவது தவறவிடாதீர்கள். மாலை கோழி கூட்டில் அடைந்த பிறகு பிடித்து வைத்து, காலையில் திறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். திறந்துவிட்டுப் பிறகு தோட்டம் முழுக்கத் துரத்தியவர்கள் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது மருத்துவர் கிளம்பியிருந்தார்.

முட்டை குறைந்துவிட்டது என்ற புகார் மார்கழியில் நிறைய வந்தது. நம் ஊரில் அப்போது பகல் பதினொன்றரை மணி நேரம்தான்; வெளிச்சம் குறைந்தால் முட்டையும் குறையும். பல பெட்டைகள் இறகு உதிர்க்கின்றன. தின்பதில் பெரும்பகுதி உடம்புச் சூட்டுக்கே போகிறது. மாலையில் அடையும் முன் ஒரு கை மக்காச்சோளம் கூடுதலாகப் போடுங்கள். எல்இடி வாங்கி ஏமாந்தவர்கள் அதைப் பெரிய கோழிகளின் கூட்டில் மாட்டி அதிகாலையில் இரண்டு மணி நேரம் எரியவிடலாம். அங்கே அது பயன்படும். கேரட் இலையும் முட்டைக்கோஸின் வெளி இலையும் இங்கே தாராளம். மருந்து அடித்த தோட்டத்து இலை என்றால் எடுக்காதீர்கள். பச்சையேறிய உருளைக்கிழங்குத் தோலும் கூடாது. தீவன மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். ஈரத்தில் பூஞ்சை பிடித்த தீவனத்தை வெயிலில் உலர்த்திப் போட்டாலும் நஞ்சு போகாது. தீவனத்துக்காக அசோலா என்னும் நீர்த்தாவரத்தை வளர்க்கும் முயற்சியைக் கைவிட்டோம். அதற்கு வேண்டிய வெதுவெதுப்பு நம் தொட்டிகளில் இல்லை.

மரநாயும் கீரியும் வழக்கம்போல் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் சிறுத்தை நடமாட்டம் இருப்பதால், இருட்டிய பிறகு கூட்டைப் பார்க்கத் தனியாகப் போகாதீர்கள். கோழி போனால் வேறு வாங்கலாம்.

செயற்குழு முன்வைக்கும் தீர்மானம் ஒன்று உண்டு: கார்த்திகை பிறந்தது முதல் தை முடியும்வரை சங்கத்தின் வழியாக ஒரு நாள் வயதுக் குஞ்சு வாங்குவதில்லை, அந்த மாதங்களில் நான்கு வாரம் வளர்ந்த குஞ்சுகளையே வாங்குவது. விலை கூடுதல் என்று சிலர் எதிர்ப்பார்கள் என்பது தெரியும். பஸ்ஸில் கல்லாறு தாண்டி மலையேறும்போதே பெட்டிக்குள் சாகிறவற்றையும், அப்புறம் எரிக்கும் விளக்கையும் கணக்கில் சேர்த்தால் கூடுதலா என்று அவர்களே சொல்லட்டும். விவாதத்துக்குப் பிறகு கை தூக்கலாம்.

தடுப்பூசிக்கு வந்து உதவிய கால்நடை மருத்துவருக்கும், கூட்டம் நடத்த இந்தக் கூடத்தை வாடகையின்றித் தந்தவர்களுக்கும், தேநீர் போட்ட மகளிருக்கும் நன்றி. அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். குண்டு பல்பு வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் பணம் கட்டிப் பெற்றுக்கொள்ளலாம். ஒருவருக்கு இரண்டுக்கு மேல் இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்