ட்ராம் நிறுத்தத்தில் கேட்ட பெயர்

லா கூர்நெவ், பிரான்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கு நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். போன கிழமை கதைத்தபோது, "வேலை, வீடு, லாச்சப்பல் தமிழ்க் கடைகள், இதை விட்டால் அந்த நாட்டில் உனக்கு வேறு என்ன தெரியும்?" என்று கேட்டீர்கள். பதில் சொல்லத் தொடங்குவதற்குள் லைன் அறுந்துவிட்டது. போனில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடைய நாள் எப்படிப் போகிறது என்று முதலில் சொல்கிறேன். உணவகக் குசினி வேலை இரண்டு துண்டாக இருக்கும். காலையில் போய் மத்தியானச் சாப்பாடு முடிய மூன்று மணிக்கு விடுவார்கள். திரும்ப ஆறு மணிக்கு ஏறினால் இரவு பதினொன்று, பன்னிரண்டு ஆகும். இப்போது கோப்பை கழுவுவதில்லை, மரக்கறி வெட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். லா கூர்நெவிலிருந்து ட்ராம் எடுத்து சாந்தெனி ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் பாரிஸ். சாந்தெனியில் பிரான்ஸ் நாட்டு அரசர்களை அடக்கம் செய்த பழைய பெரிய தேவாலயம் இருக்கிறது. அதைக் கடந்தால் சந்தை. அதற்கடுத்த நிறுத்தத்தில் ட்ராமுக்குள் ஒரு பெண் குரல் "தெயாத்ர் ஜெரார் பிலிப்" என்று அறிவிக்கும். தினமும் கேட்கிற பெயர். யாரோ மந்திரி, இல்லாவிட்டால் ஜெனரல் என்று நினைத்திருந்தேன். இந்த நாட்டில் தெருக்களுக்கு அப்படித்தானே பெயர் வைக்கிறார்கள்.

என் லீவு நாளில் ஒரு சங்கத்தில் இலவசமாகப் பிரெஞ்சு வகுப்பு நடக்கிறது. மாலிக்காரர், வங்காளிகள், எங்கள் ஆட்கள் என்று எல்லோரும் வருவோம். ஒரு நாள் ஆசிரியை புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு ஓர் ஒலிப்பதிவைப் போட்டார். குட்டி இளவரசன் கதை, 1954இல் பதிவு செய்தது. பாலைவனத்தில் விழுந்த விமானி கதை சொல்கிறான். எனக்குப் பாதிக்குமேல் விளங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் கடைசி எழுத்து வரைக்கும் காதில் விழுந்தது. அவசரமே இல்லை. ஒரு வசனம் முடிந்து அடுத்ததற்கு மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. குசினியில் ஆளுக்காள் கத்துகிற பிரெஞ்சை மட்டும் கேட்டுப் பழகிய எனக்கு, இந்த மொழியை இவ்வளவு வடிவாகவும் பேசலாமா என்று இருந்தது. முடிந்த பிறகு, யாருடைய குரல் என்று கேட்டேன். "நீங்கள் வருகிற வழியில் இருக்கிற தியேட்டரின் பெயர்தான்" என்றார் ஆசிரியை. அதற்குப் பிறகு நூலகத்தில் இவரைப் பற்றி இருந்த புத்தகங்களை அகராதியும் கையுமாகப் படித்தேன்.

ஜெரார் பிலிப் என்ற இந்த நடிகர் 1922இல் தெற்கே கடற்கரைப் பட்டினமான கானில் பிறந்தவர். தகப்பன் ஹோட்டல் நடத்தியவர். மகன் நடிக்கப் போக வேண்டும் என்று துணைநின்றது தாய். 1942இல், நாடு ஜெர்மன்காரரிடம் தோற்றுக் கிடந்த காலத்தில், நீஸ் நகரத்தில் முதல் மேடை. அடுத்த வருஷமே பாரிசில் ஒரு நாடகத்தில் தேவதூதனாக வந்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். 1945இல் எழுத்தாளர் கம்யூ எழுதிய நாடகத்தில் கொடுங்கோல் மன்னன் கலிகுலா. அப்போது வயது 22தான்.

அந்த வருஷங்களைப் படித்தபோது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன் அப்பா. தகப்பன் ஜெர்மன்காரர் பக்கம் நின்றவர். போர் முடிந்ததும் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள், ஆனால் ஆள் அதற்குள் ஸ்பெயினுக்குத் தப்பிவிட்டார். மகனோ 1944 ஆகஸ்ட்டில் பாரிஸ் விடுதலைச் சண்டையின்போது நகரசபைக் கட்டடத்தைப் பிடித்தவர்களோடு நின்றவர். ஒரே வீடு. போர் ஒரு வீட்டுக்குள் புகுந்தால் என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிறகு சினிமா. 1947இல் வந்த ஒரு காதல் படத்தில் பள்ளிக்கூடப் பொடியனாக நடித்து நாடு முழுக்கப் பிரபலமாகிவிட்டார். 1952இல் வந்த 'ஃபான்ஃபான் லா துலிப்' படத்தில் குதிரையும் வாளுமாகச் சிரித்துக்கொண்டு சண்டை போடுகிற சிப்பாய். அந்தப் படம் பிரான்சுக்கு வெளியேயும் ஓடு ஓடென்று ஓடியது. அதை நான் பார்த்தேன். மெலிந்த உயரமான உடம்பு, கூரையில் ஓடும்போதும் கண்ணில் சிரிப்பு. பிறகு 1956இல் தானே இயக்கிய படம் மட்டும் சரியாகப் போகவில்லை.

சினிமாவைப் பற்றி இவ்வளவு போதும். உங்களுக்கு நான் சொல்ல வந்தது நாடகத்தைப் பற்றி.

ழான் விலார் என்றொரு நாடக இயக்குநர். அவிஞோன் என்ற ஊரில் பாப்பரசர்கள் இருந்த பழைய கோட்டை அரண்மனையின் முற்றத்தில், திறந்த வானத்தின் கீழ் 1947இல் நாடக விழா தொடங்கியவர். 'லெ சித்' என்ற பழைய நாடகத்தில் நடிக்க வரும்படி பிலிப்பைக் கேட்டிருக்கிறார். 1637இல் கொர்னெய் எழுதி மேடையேறியது. தன் தகப்பனை அவமானப்படுத்தியவனோடு மகன் வாள் எடுக்க வேண்டும், ஆனால் அந்த ஆள் அவன் காதலியின் தகப்பன். இது எனக்குச் சரிவராது என்று முதலில் மறுத்த பிலிப், 1950இல் தானாகவே விலாரைத் தேடிப் போய், "உங்களோடு வேலை செய்ய வருகிறேன்" என்றாராம். சினிமாவில் உச்சத்தில் இருக்கிற நேரம்!

1951 கோடையில் அவிஞோனில் ஒத்திகையின்போது மேடையிலிருந்து விழுந்து முழங்காலில் அடி. அந்தக் காலோடுதான் சனத்துக்கு முன்னால் வந்தார். அந்த வருஷமே விலாரிடம் மக்கள் தேசிய நாடக அரங்கைப் பொறுப்பாகக் கொடுத்தார்கள். அவர்களுக்கான இடம் ஈஃபில் கோபுரத்துக்கு எதிரே உள்ள ஷையோ மாளிகை. ஆனால் அப்போது அங்கே ஐ.நா. பொதுச்சபை கூடியிருந்தது. சரி என்று, கார்த் தொழிற்சாலைத் தொழிலாளர் நிறைந்த சுரேன் என்ற புறநகரில் நவம்பரில் 'லெ சித்'தோடு ஆரம்பித்தார்கள். சனி, ஞாயிறு என்று இரண்டு நாளும் நாடகம், சங்கீதம், சாப்பாடு, கடைசியில் நடிகர்களும் சனமும் சேர்ந்து நடனம்.

அந்த அரங்கம் வைத்த ஒழுங்குகளைக் கேளுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் அடுத்த நாள் எழும்ப வேண்டும் என்பதால் நாடகத்தை வெள்ளனவே தொடங்கினார்கள். ரிக்கெற் மலிவு. கோட்டு வைக்கிற இடத்தில் காசு இல்லை, இடம் காட்டுகிறவருக்குச் சந்தோஷக் காசு கொடுக்கத் தேவையில்லை. மற்ற முக்கிய நடிகர்களுக்கு என்ன சம்பளமோ அதேதான் பிலிப்புக்கும். நூலகப் புத்தகத்தில் ஒரு சுவரொட்டியின் படம் பார்த்தேன். நடிகர் பெயர்கள் அகர வரிசையில், எல்லாம் ஒரே அளவு எழுத்தில். பிரான்சின் மிகப் பெரிய நட்சத்திரத்தின் பெயரை நான் விரல் வைத்துத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் நாடகத்தில் துணை வேடம் தந்தபோதும் மறுபேச்சில்லாமல் நடித்தவர்.

அப்பா, எங்கள் ஊர் நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டம் நாடகம் பார்க்கப் பாயும் சுருட்டிக்கொண்டு போய் விடிய விடிய இருந்த கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள். முன்வரிசையில் இருந்தது தோட்டத்து மண் காலில் காயாத சனம் என்பீர்கள். பிலிப் கேட்டதும் அப்படிப்பட்ட சனத்தைத்தான். ஏழைச் சனத்துக்கு லேசான கதை போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. இருப்பதில் மிகக் கடினமான நாடகங்களைக் கொண்டுபோனார்கள், சனம் வந்து பார்த்தது. இதுதான் எனக்கு இவரிடம் மிகப் பிடித்தது.

தன் தொழிலில் இருக்கிறவர்களுக்காகவும் நின்றார். 1957இல் 'நடிகர்கள் நாய்கள் அல்ல' என்று கட்டுரை எழுதி, பிறகு நடிகர் சங்கத்துக்குத் தலைவராகி, வேலையும் சம்பளமும் உறுதியில்லாத சின்ன நடிகர்களுக்காகப் பேசினார். எங்கள் குசினியில் ஓவர்டைம் கேட்கவே பயப்படுகிறோம். பெயரும் புகழும் உள்ள ஒருவர் தனக்குத் தேவையில்லாத ஒன்றை மற்றவர்களுக்காகக் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

1959இல் மெக்சிகோவில் ஒரு படம் முடித்து வந்த பிறகு உடம்பு முடியாமல் போனது. நவம்பரில் ஒப்பரேஷன் செய்தபோதுதான் ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. வைத்தியர்கள் அதை அவருடைய மனைவி ஆன் என்பவரிடம் மட்டும் சொன்னார்கள். அவர் கணவரிடம் மறைத்து, முகத்தில் காட்டாமல் பக்கத்தில் இருந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகள். நவம்பர் 25ஆம் தேதி வீட்டிலேயே உயிர் போனது. இன்னும் 9 நாள் இருந்திருந்தால் 37 வயது. 'லெ சித்' நாடகத்து உடுப்பிலேயே ரமாத்துவெல் என்ற தெற்கத்திக் கிராமத்தில் அடக்கம் செய்தார்கள். சாந்தெனி தியேட்டருக்கு அவர் பெயரை வைத்தது அதற்குப் பிறகுதான்.

போன மாதம் வகுப்பில் எல்லோரையும் அந்தத் தியேட்டருக்குக் கூட்டிப்போனார்கள். வாசலில் என்னைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வகுப்புச் சினேகிதர் ஒருவர் வேலைச் சப்பாத்தோடு வந்திருந்தார், பின்வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரே சத்தம். விளக்கு அணைந்ததும் அடங்கிவிட்டார்கள். நாடகத்தில் எனக்கு மூன்றில் ஒரு பங்கு விளங்கியிருக்கும். ஆனால் தாய் மகனைத் திட்டுகிற இடத்தில் எல்லோரும் சிரிக்கும்போது நானும் அதே நேரத்தில் சிரித்தேன். பிரான்சுக்கு வந்ததிலிருந்து இந்தச் சனத்தோடு சேர்ந்து நான் ஒன்றைச் செய்தது அன்றைக்குத்தான்.

ஃபான்ஃபான் படத்தைப் பென்டிரைவில் போட்டு, மார்கழியில் ஊருக்கு வருகிற மச்சானிடம் கொடுத்து அனுப்புகிறேன். வசனம் பிரெஞ்சுதான், ஆனால் கதை உங்களுக்கு விளங்கும். அம்மாவையும் இருத்திப் பாருங்கள். பார்த்துவிட்டு அந்த மனிதரின் நடிப்பு எப்படி என்று எனக்கு எழுதுங்கள். மேடை தெரிந்தவர் நீங்கள், உங்கள் அபிப்பிராயம் எனக்கு வேண்டும். அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்கான காசு இந்த மாதச் சம்பளத்தோடு வரும், திகதியை எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு
உங்கள் அன்பு மகன்